சர்க்கரை போட்டேனா?

பாயசத் தொழிலுக்கு முதலீடு இரண்டு: பாலும் பயமும். பால் கீழே பூத்தில் கிடைக்கிறது. பயம் என்னிடம் எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

டெல்லி மயூர் விஹாரில் ஒரு அபார்ட்மென்ட் சொசைட்டியின் மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு, ஆர்டருக்குப் பால் பாயசம் செய்து கொடுக்கிறேன். காஸ் குழாய் கசியுமோ என்று பயம். லிஃப்ட் நடுவில் நிற்குமோ என்று பயம். பதினான்கு மாத மகள் நிலா தூக்கத்தில் மூச்சு விடுகிறாளா என்று பயம். இதைக்கூட அவள் தூங்கிய பிறகு, அவள் வயிறு ஏறி இறங்குவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். திருச்சியில் கான்வென்ட்டில் படித்தவள். யார் குரலை உயர்த்தினாலும் எழுந்து நின்று "ஸாரி சிஸ்டர்" சொல்லிப் பழகிவிட்டது. பால் பொங்கினால்கூட முதலில் பாலிடம் ஸாரி சொல்லிவிட்டுத்தான் அடுப்பை அணைப்பேன். அரை மணி நேரம் கண் இமைக்காமல் பாலுக்குக் காவல் நின்று, காலிங் பெல் அடித்த அந்த ஒரே நொடியில் தோற்றுப்போன என் இனத்தாரே, இது உங்களுக்காக.

துப்பியதில் பிறந்த தொழில்

ஆறாம் மாதம் நிலாவுக்குச் சோறு ஊட்டினோம். முதல் வாய் பாயசமாக இருக்கட்டும் என்று இரண்டு லிட்டர் பாலில் நானே வைத்தேன். வெள்ளி ஸ்பூன் நுனியில் தொட்டு உதட்டில் வைத்ததுதான் தாமதம், முகத்தை எலுமிச்சம்பழம் மாதிரிச் சுருக்கி, என் கணவரின் புது வேட்டியில் துப்பினாள். அன்றோடு விட்டாளா? ஆப்பிள் மசியல், வாழைப்பழம், பேரீச்சம்பழம் அரைத்துவிட்ட கேழ்வரகுக் கூழ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். பால் மட்டும் குடிப்பாள். மற்றதெல்லாம் வேட்டிக்கு.

மீந்த பாயசத்தை மாடி மாடியாகக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் பாத்திரங்கள் திரும்பி வந்தன. கூடவே நாலு வீட்டிலிருந்து ஆர்டரும் வந்தது. ஆத்தூர்க்காரி செல்வி எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள். என்னைவிட வயதில் இரண்டு சின்னவள், தைரியத்தில் இருபது பெரியவள். பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "பெத்த புள்ள துப்புது, ஊரே நக்குது. பேசாம கடையப் போடுங்கக்கா."

ஸ்பூன் நிற்க வேண்டும்

எதிர்வீட்டு கன்னா ஆன்ட்டி முதல் வாடிக்கையாளர். பாயசத்தை இங்கே கீர் என்பார்கள். கீர் என்றால் நடுவில் ஸ்பூனை நட்டால் நிற்க வேண்டும். நமக்கோ டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். ஆன்ட்டி டப்பாவைத் திறந்ததும் அதன் இளம் ரோஸ் நிறத்தைப் பார்த்துவிட்டு, "ரோஸ் சிரப் போட்டியா?" என்றார். இல்லை ஆன்ட்டி, பாலும் சர்க்கரையும் சிறு தீயில் ஒரு மணி நேரம் சேர்ந்து கிடந்தால் தானாக வரும் நிறம் என்றேன். நம்பவில்லை. டப்பாவைச் சாய்த்தார். பாயசம் ஓடியது. "பேட்டா, யே கீர் ஹை யா லஸ்ஸி?" இது கீரா, லஸ்ஸியா என்கிறார். நான் ஸாரி சொன்னேன்.

ஆன்ட்டி அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறந்துபோனார். அரிசி சும்மா இருக்குமா? பாலைக் குடித்துக் குடித்து உப்பி, விடிவதற்குள் ஸ்பூன் நிற்கும் பதத்துக்கு வந்துவிட்டது. பதினொரு மணிக்குத் துடைத்துவைத்த காலி டப்பாவோடு வந்து என் கன்னத்தைக் கிள்ளினார்: "இன்னிக்குத்தான் பேட்டா ஒழுங்கா வெந்திருக்கு. அடுத்த தடவை எனக்கு இன்னிக்கு வேணும்னா நீ நேத்தே பண்ணிடு."

அடியில் ஒரு தட்டு

பெரிய ஆர்டர் என்றால் அடி கனத்த பாத்திரத்தில் வைப்பேன். உள்ளே, பாலுக்கு அடியில், சின்ன ஸ்டீல் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிடுவேன். பால் கொதிக்கும்போது தட்டு டகடகவென்று ஆடும். பால் அடிப்பிடிக்காது, லேசில் பொங்காது. என்னைப் போன்றவளுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு. சத்தம் நின்றால்தான் எனக்கு நெஞ்சு டகடகக்கும்.

ஒரு நாள் முதல் மாடியில் இருக்கும் ரிடையர்டு பேங்க் ஸார் தன் மணநாளுக்கு மூன்று லிட்டர் கேட்டிருந்தார். பாத்திரத்தோடு அப்படியே அனுப்பிவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது. அவர் குரலே மெதுவானது. நான் முன்கூட்டியே ஒரு ஸாரி சொன்னேன். "பாயசம் பிரமாதம்மா. அடியில ஒரு தட்டு இருந்துது. அது எல்லா வாடிக்கையாளருக்கும் உண்டா, சீனியர் சிட்டிசனுக்கு மட்டுமா?"

முன்னூறு கிராம்

சிரிக்க முடியாத ஒரு துணுக்கும் இருக்கிறது. பதிமூன்றாம் மாதச் செக்கப்பில் டாக்டர் நிலாவை எடை மிஷினில் படுக்க வைத்தார். மூன்று மாதமாக முள் இருந்த இடத்திலேயே இருந்தது.  "பாலைக் குடிச்சே வயித்தை ரொப்பிக்கறா. பாட்டிலைக் குறைங்க, திட உணவு கொடுங்க. சர்க்கரை கூடாது. அடுத்த மாசத்துக்குள்ள முன்னூறு கிராமாவது ஏறணும். ஏறலைன்னா ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்" என்றார். நிலாவின் கையைப் பார்த்தேன். ஊசி போட அதில் இடமே இல்லை.

அன்றிலிருந்து பாட்டிலைக் குறைத்தேன்; பயத்தில், பால் கலந்த ஆகாரம் எதையும்கூட அவள் பக்கம் கொண்டுபோகவில்லை. அப்படியே செய்கிறேன் என்று அங்கேயே டாக்டரிடம் சத்தியம் மாதிரி ஒப்புக்கொண்டேன். ஊரார் வயிற்றை ரொப்புகிறவளின் பெண், ஒரு வாய் விழுங்க மாட்டேன் என்கிறாள். இதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "அச்சா! அந்தப் பாயசக்காரங்க நீங்கதானா? ஞாயித்துக்கிழமைக்கு என் மாமியாருக்கு ரெண்டு லிட்டர் கிடைக்குமா?"

திரிந்த பாயசம்

இரண்டாவது டவரில் ஒரு இளம் ஜோடி. இரண்டு பேரும் நொய்டாவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள், உடம்பைப் பற்றி அக்கறை உள்ளவர்கள். சர்க்கரை வேண்டாம், வெல்லம் போடுங்கள் என்றார்கள். பாலை இறக்கி ஆறவைத்துத்தான் வெல்லப்பாகு ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பது வேறு. ஊற்றும் நேரத்தில் நிலா தும்மினாளா இருமினாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது வேறு. கொதிக்கிற பாலில் ஊற்றிவிட்டேன். கண்ணெதிரே பால் கட்டி கட்டியாகப் பிரிந்தது.

மறுபடி பால் வாங்க நேரமில்லை. செல்வி அதை வடிகட்டி, இன்னும் கொஞ்சம் வெல்லமும் ஏலக்காயும் போட்டுச் சுருளக் கிளறினாள். "புது ஸ்வீட்டுன்னு சொல்லுங்கக்கா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். மாரல் சயன்ஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவளால் அது முடியுமா? டப்பா மேல் சாய்வெழுத்தில் அழகாக எழுதினேன்: 'இது திரிந்த பாயசம். பணம் வேண்டாம். மன்னிக்கவும்.' ராத்திரி அந்தப் பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தேன்: "ஹாய் அக்கா, சனிக்கிழமைக்கு ரெண்டு டப்பா திரிந்த பாயசம் வேணும். முடிஞ்சா இதைவிடக் கொஞ்சம் நல்லா திரியட்டும்."

யாரும் வாய் வைக்கக் கூடாது

ஐந்தாம் மாடி விசாலம் மாமி சொசைட்டியில் எல்லோருக்கும் மாமி. கன்னா ஆன்ட்டிக்கும் மாமிதான். வீட்டில் சத்யநாராயண பூஜை, நாற்பது பேர், ஐந்து லிட்டர் பால். "ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ" என்றார். "நைவேத்தியத்துக்கு. ருசி பார்க்கப்படாது. கரண்டியை நக்கறது, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டுப் பார்க்கறது, ஒண்ணும் கூடாது. சுவாமிக்கு அப்புறம்தான் மனுஷாளுக்கு."

ருசி பார்க்காமல் எப்படி மாமி என்று இழுத்தேன். வேறு யாரிடமாவது கொடுங்களேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தேன். மாமி என் தோளில் தட்டினார்: "அதனாலதாண்டி உங்கிட்ட கொடுக்கறேன். தைரியசாலின்னா யாரும் பார்க்காதபோது ருசி பார்த்துடுவா."

வெள்ளையாக இருக்கிறதே

பூஜையன்று காலை. அரிசி குழைந்துவிட்டது, பால் பாதியாகச் சுண்டியிருந்தது, சர்க்கரைப் பாக்கெட்டைக் கத்தரித்துக் கையில் எடுத்தேன். ஹாலில் திடீரென்று சத்தமே இல்லை. குழந்தை உள்ள வீட்டில் சத்தம் இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஓடினேன். நிலா செய்தித்தாளின் பங்குச் சந்தைப் பக்கத்தைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தாள். சோற்றைத் துப்புவாள், பேப்பரை விழுங்குவாள். விரலை விட்டு எடுத்து, முதுகைத் தட்டி, நான்கு தடவை ஸாரி சொல்லி, திரும்பி வந்து கிளறினேன்.

ஒரு மணி நேரம் கழித்து செல்வி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, இன்னிக்கு வெள்ளையா இருக்குது? ரோஸு வரலியே?" நெஞ்சில் தட்டு டகடகத்தது. சர்க்கரை போட்டேனா? ஓடுவதற்கு முன்னால் போட்டேனா, வந்து போட்டேனா, போடவே இல்லையா? பாக்கெட் எங்கே என்றேன். "கெடந்துது. மீதிய டப்பால கொட்டிட்டு கவரைக் குப்பைல போட்டேன்." எவ்வளவு மீதி இருந்தது? "அளந்தா கொட்டுனேன்?" டப்பாவைத் திறந்தேன். நிறைய இருந்தது. முன்னாடி எவ்வளவு இருந்தது? "அது ஸ்டீல் டப்பாக்கா. உள்ள இருக்கறது வெளிய தெரியுமா?"

ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டியது. சுண்டிய பால் எப்படியும் ஒட்டும். முகர்ந்தேன். ஏலக்காய் மட்டும் பதில் சொன்னது. கணவருக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்து கிசுகிசுத்தார்: "நீ போட்டிருப்பே. பயந்தாங்கொள்ளிகள் எதையும் மறக்க மாட்டாங்க." இன்னொரு முக்கால் கிலோ போட்டுவிடலாமா? ஏற்கெனவே போட்டிருந்தால் நாற்பது பேரும் அடுத்த நாள் ஒரே டாக்டரிடம் வரிசையில் நிற்பார்கள். ருசி பார்த்தால் ஒரு நொடியில் முடியும். மாமி சொன்னது காதில் இருந்தது. சுவாமி பார்ப்பாரோ இல்லையோ, சிஸ்டர் பார்ப்பார்.

மணி ஒன்பதரை. பத்து மணிக்குப் பாத்திரம் மேலே போக வேண்டும். அப்போதுதான் செல்வி நிலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கூடாது என்றேன். அங்கே சுவாமி, இங்கே டாக்டர், இரண்டு பேரும் கூடாது என்று சொன்னதை ஒரே ஸ்பூனில் எப்படிச் செய்வது? செல்வி அவர்கள் இரண்டு பேரையும்விடப் பெரிய கோர்ட்: "பச்சப் புள்ள வாய்க்கு எச்சில் கெடையாதுக்கா. ஒரு சொட்டுல டாக்டரம்மாவும் வரமாட்டாங்க. மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிரும், ஊட்டுங்க."

பத்து ஸ்பூன்

தனிக் கரண்டியால் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஆற்றினேன். ஸ்பூன் நுனியில் அரை பருக்கை. நிலா வாயில் வாங்கிக்கொண்டு யோசித்தாள். துப்பப் போகிறாள் என்று செல்வி துண்டை நீட்டினாள். நிலா விழுங்கினாள். பிறகு, என்னைப் பார்த்து, வாயைத் திறந்தாள்.

பதிமூன்று மாதத்தில் அந்த வாய் எனக்காகத் திறந்தது அதுதான் முதல் தடவை. "இனிக்குதுக்கா, அதான் கேக்குது" என்றாள் செல்வி. ஆமாம், இனிக்கிறது, சர்க்கரை போட்டிருக்கிறேன் என்று எனக்கும் சந்தேகமே இல்லை. இன்னொரு ஸ்பூன். இன்னொன்று. சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொன்னதும் நினைவில் இருந்தது, கை நிற்கவில்லை. ஐந்தாவதில் எண்ண ஆரம்பித்தேன், எட்டாவதில் அழ ஆரம்பித்தேன். பத்தாவது ஸ்பூனில் கிண்ணம் காலி. அவள் கிண்ணத்தைப் பிடித்து ஆட்டினாள். பாத்திரம் எப்போது ஐந்தாம் மாடிக்குப் போனது, யார் தூக்கிக்கொண்டு போனார்கள், எனக்குத் தெரியாது. செல்விதான் போயிருக்க வேண்டும்.

பதினொன்றரைக்குப் போன். "ஏண்டி, உங்காத்துல சர்க்கரைக்கு விரதமா?" என்றார் மாமி. "ஆரத்தி ஆயிடுத்து, எல்லாரும் கப்பை வாயில வெச்சுண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துண்டு நிக்கறா. ஒரு பொட்டு இனிப்பில்லை."

எழுந்து நின்றேன். அசெம்பிளி முன்னால் நின்று ஒப்புக்கொள்வதுபோல எல்லாவற்றையும் கொட்டினேன்: பேப்பர், பாக்கெட், டப்பா, சுவாமிக்கு முன்னால் நிலாவுக்கு ஊட்டியது, அவள் விழுங்கியது. ஸாரி மாமி, ஸாரி மாமி.  நிலா ஆகாரம் துப்புகிற கதை ஐந்து மாடிக்கும் தெரியும். "எத்தனை ஸ்பூன்?" என்றார் மாமி மெதுவாக. பத்து என்றேன்.  தொண்டையைச் செருமிக்கொண்டார்: "அப்ப சுவாமி கார்த்தாலேயே சாப்பிட்டாச்சு. அழாம சர்க்கரை டப்பாவை எடுத்துண்டு மேல வா."

சர்க்கரை வேண்டாதவர்

போனேன். நாற்பது பேருக்கு நடுவில் டப்பாவும் ஸ்பூனுமாக, கண்டக்டர் டிக்கெட் கேட்கிற மாதிரி ஒவ்வொரு கப்பாகச் சர்க்கரை போட்டுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு ஸாரி சொல்லிக்கொண்டு நடந்தேன். கன்னா ஆன்ட்டி மூன்று ஸ்பூன் வாங்கிக்கொண்டார். ஓரத்துச் சோபாவில் மாமியின் கணவர் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. பாயச நாளில் அவருக்கு மாமி உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார், அவ்வளவுதான். என் டப்பாவைப் பார்த்ததும் தன் கப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அது அவருடைய மூன்றாவது கப். மாமி எதிரிலேயே நின்று முறைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போறது. அடுத்த பூஜைக்கும் பேப்பரை அந்தக் குழந்தை கைக்கு எட்டற இடத்துல வை."

மறுபடியும் அதே மிஷின்

பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆப்பிள், வாழைப்பழம், பேரீச்சம்பழம், கிழங்கு... குழந்தை என்றால் இனிப்பு பிடிக்கும் என்று ஊரே சொன்னதைக் கேட்டு, இனிப்பாகவே தேடித் தேடி ஏழு மாதம் ஊட்டியிருக்கிறேன். அவள் ஏழு மாதமாகத் துப்பித் துப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பயந்துபோய் டாக்டருக்கே போன் செய்து கேட்டேன். பாட்டில் பால்தான் வேண்டாம், சோற்றோடு குழைத்த பால் தாராளமாகக் கொடுங்கள் என்றார். மறுநாளிலிருந்து சர்க்கரை போடாத பாயசம். அப்புறம் அதில் கொஞ்சம் பருப்பு. அப்புறம் பாலே இல்லாமல் பருப்பும் நெய்யும்.

அடுத்த மாதம் மிஷினில் படுக்க வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். செல்விதான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முள்ளைப் பார்க்கவும் அவளைத்தான் கேட்டுக்கொண்டேன். ஊசிக்கு அவசியம் இருக்கவில்லை. நானூற்று இருபது கிராம் ஏறியிருந்தாள். டாக்டர் என்ன கொடுத்தீர்கள் என்றார். தப்பாகச் செய்த பாயசம் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்: "அப்ப என் மாமியாருக்கும் இனிமே அதுவே போதும். அவங்களுக்கு சுகர் இருக்கு."

இப்போதெல்லாம் என் வீட்டில் ஒரு அடுப்பில் ஊருக்குச் சர்க்கரை போட மறக்காமலும், மறு அடுப்பில் மகளுக்குச் சர்க்கரை போட்டுவிடாமலும் காவல் நிற்கிறேன். பயத்தை மட்டும் இரண்டுக்கும் சம அளவில் போட்டுவிடுகிறேன்.